வெங்கலத்துக்கு ஒரு பாட்டு டீச்சர்

என் வீட்டுக்காரருக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்க ஆள் தேடி அலைந்தேன் என்றால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாற்பத்தொன்பது வயது, முன்னால் தொப்பை, குளிக்கும்போதுகூட ஒரு வரி முணுமுணுத்துக் கேட்டதில்லை. அப்படிப்பட்டவருக்குப் பாட்டு வாத்தியார். எங்கள் பிழைப்பே அதை நம்பி இல்லாமல் இருந்திருந்தால் எனக்கும் சிரிப்பு வந்திருக்கும்.

மொத்தக் காய்கறி மண்டியில் ஏலம் விடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதுதான். விடிவதற்குள் லாரிகள் வந்து மூட்டைகளை இறக்கிவிடும். ஆறு மணிக்கு இவர் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நிற்பார். சுற்றி நாற்பது ஐம்பது வியாபாரிகள். எல்லோர் கையிலும் சாக்கு, பை, டீ டம்ளர் என்று ஏதாவது இருக்கும், அதனால் விலை கேட்பது வாயால்தான். விலை ஏறி ஏறி ஓரிடத்தில் நின்றதும் இவர், "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்பார். அந்த மூன்றாவது தரம் கடைசியில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கும் எடைக்காரருக்குக் கேட்க வேண்டும். கேட்டால்தான் அவர் மூட்டைமேல் சாக்கட்டியால் கோடு போடுவார். கோடு விழுந்தால்தான் வியாபாரம் முடிந்தது. அங்கே எழுதாத சட்டம் அது.

வெண்கலக் குரல் என்பார்களே, அந்தக் குரல் இவருக்கு. மண்டியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னவர்களுக்கு வெங்கலம் அண்ணன், பெரியவர்களுக்கு வெறும் வெங்கலம். எங்கள் கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேருக்கு மாப்பிள்ளையின் நிஜப் பெயரே தெரியாது.

அந்தக் குரல்தான் போன மழைக்காலத்திலிருந்து உடைய ஆரம்பித்தது. ஏழு மணிக்கெல்லாம் தகரத்தைத் தரையில் இழுப்பது போல ஆகிவிடும். வீட்டுக்கு வந்தால் சுடுதண்ணீர், உப்புத் தண்ணீர், ஒரு பேச்சு கிடையாது. நான்தான் பேசிக்கொண்டே இருப்பேன். ஒருநாள் தக்காளி ஏலத்தில் மூன்றாவது தரம் சொல்லும்போது காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. எடைக்காரர் கோடு போடவில்லை. மூட்டை எனக்குத்தான் என்றார் ஒரு வியாபாரி. இன்னும் முடியவில்லை என்று விலையை ஏற்றினார் இன்னொருவர். சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். வியாபாரிகள் சங்கத் தலைவர் வந்து விலக்கிவிட்டார். விலக்கிவிட்டவர் சும்மா போகவில்லை. அடுத்த மாதம் முதல் தேதி சங்கத்து ஆட்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள், அன்றைக்குக் குரல் சரியாக இல்லையென்றால் நல்ல மைக்காக ஒன்று வாங்கி வேறு ஆளைப் பெட்டிமேல் ஏற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு ஆள் யார் என்று கேட்கவே வேண்டாம். அவருடைய மச்சான் ஒருத்தன் வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

முதல் தேதிக்கு இருபத்தாறு நாள் இருந்தது. தொண்டை டாக்டரிடம் போனோம். தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, மனுஷன் தேவைக்கு மேல் கத்துகிறார், அதனால்தான் உள்ளே வீங்கியிருக்கிறது என்றார் அவர். மாத்திரை பாதி வேலைதான் செய்யுமாம். பாட்டு சொல்லிக்கொடுப்பவர்களுக்குக் குரலை நோகாமல் வெளியே விடுவது எப்படி என்று தெரியும், அப்படி ஒருவரைப் பிடியுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

இவர் தாம்தூம் என்று குதிப்பார் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. மறுநாளே, யாரையாவது பார்த்தாயா என்று என்னைக் கேட்டார். பயம் மனிதனை எப்படி மாற்றிவிடுகிறது பார் என்று எனக்கு அப்போது பாவமாகத்தான் இருந்தது. வேறு காரணம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

துணி திருத்திக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். ஜிப் மாற்றுவது, கால்சட்டை நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது. நாள் முழுக்க ஆட்கள் வந்து போவார்கள். வருகிறவர்களிடமெல்லாம் பாட்டு வாத்தியார் யாராவது தெரியுமா என்று கேட்டேன். பிள்ளைக்கா என்பார்கள். வீட்டுக்காரருக்கு என்றால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

முதலில் கிடைத்தவர் மேடைகளில் பாடுகிறவர், மினுமினுக்கும் கோட்டு ஒன்றை என்னிடம் தைக்கக் கொடுத்தவர். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, ஏலம் விடுகிறவரைப் பாடகராக்குகிறேன், எனக்குத் தக்காளி சும்மா கிடைக்குமா என்று கேட்டார். கோட்டை அளவைவிட ஒரு விரல் இறுக்கித் தைத்துக் கொடுத்தேன்.

அடுத்தது கைபேசியில் வந்த வகுப்பு. திரையில் ஒருத்தி வாயை அகலமாகத் திறவுங்கள் என்றாள். இவர் திறந்தார். படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. இவரும் வாயைத் திறந்தபடி கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மூன்றாவதாகப் பார்க்கப்போனது பெரிய வாத்தியார் ஒருவரை. நாற்பதுக்கு மேற்பட்டவர்களை நான் தொடுவதில்லை என்று வாசலிலேயே நிற்க வைத்துச் சொல்லிவிட்டார். அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினேழு நாள்தான் பாக்கி. மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். என் கடை வருமானத்தில் வாடகை மட்டும்தான் கட்ட முடியும். இந்தக் குரல் போனால் எல்லாம் போயிற்று.

அந்த வாரம்தான் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் உள்பக்கத் துணி கிழிந்த கறுப்புக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறையில் பாட்டு வகுப்பு நடத்துகிறாளாம். குழந்தைகளுக்கு மட்டும்தானாம். அவள் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கத்துவார், நின்றுகொண்டா, வெறும் வயிற்றிலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு, "நாளைக்கு மூணு மணிக்குக் கூட்டிட்டு வாங்கக்கா. உத்தரவாதம் எதுவும் தர மாட்டேன்" என்றாள். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. கோட்டுக்கு நல்ல துணியாகப் போட்டுத் தைத்தேன்.

அறை சின்னது. ஒரு கீபோர்டு, குழந்தைகள் உட்காரும் குட்டை நாற்காலிகள், தெருப்பக்கம் ஒரு ஜன்னல். குட்டை நாற்காலியில் உட்கார்ந்தால் இவருக்கு முழங்கால் நெஞ்சில் இடித்தது. டீச்சர் முதலில் மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தாள். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தி, இந்தச் சத்தத்தை அப்படியே வாயால் பிடித்து நில்லுங்கள் சார் என்றாள். இவர் பிடித்தார். ஆனால் அதே இடத்தில் அல்ல, கொஞ்சம் மேலே. மறுபடி அழுத்தினாள். இவர் இன்னும் மேலே போனார். மூன்றாவது தடவை இன்னும் மேலே, கூடவே சத்தமும் ஏறியது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஏலம் விட்ட வாய் ஆயிற்றே, ஒருத்தர் ஒன்று சொன்னால் அதற்கு மேலேதானே போகும் என்றேன். டீச்சரும் சிரித்துவிட்டாள். "விலை முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சுக்குங்க சார், ஏத்தாதீங்க" என்றாள். இவரும் சிரித்தார். மூன்று வகுப்பு இப்படியே போயிற்று. ஏலக்காரருக்கு ஏறத்தான் தெரியும், நிற்கத் தெரியாது என்று நாங்கள் மூவரும் முடிவே கட்டிவிட்டோம். வீட்டில் நான் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தேன். நாள் பன்னிரண்டாகி, பத்தாகிக்கொண்டிருந்தது. குரலோ அப்படியேதான் இருந்தது.

நான்காவது வகுப்பில் கீழே சைக்கிள் கடையில் எதையோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். சாத்தும்போதே, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, சார் அதையே மறுபடி பாடுங்கள் என்றாள். இவர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அவள் இன்னொரு தடவை சொன்னாள். அப்போதும் சும்மா இருந்தார். பாட அலுத்துக்கொள்கிறார் என்று நினைத்து நான் அவர் தொடையில் தட்டினேன். அதற்குள் அவள் திரும்பிச் சொன்னாள். உடனே பாடினார்.

டீச்சர் வந்து உட்கார்ந்தாள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தன் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள்.

"சரிங்க டீச்சர்" என்றார் இவர்.

அவள் கேட்டது, உங்கள் மகள் என்ன படிக்கிறாள் என்று.

நோட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். நான் இவரைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து இவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படி இறங்கிப் போய்விட்டார்.

"தொண்டை இல்லக்கா, காது" என்றாள் அவள் மெதுவாக. "அவர் சத்தம் அவருக்கே கேட்கலை. அதான் ஏத்திக்கிட்டே போறார்."

வீட்டுக்கு வரும்போது எனக்கு அப்படி ஒரு கோபம். கதவைச் சாத்திவிட்டு அவர் முன்னால் போய் நின்று, எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒன்றரை வருஷமாக என்றார். இடதுபக்கம் முழுவதும் போய்விட்டதாம். வலதுபக்கம் பேச்சு, அடுத்த அறையில் யாரோ பேசுவது போலக் கேட்குமாம். மண்டியில் ஒவ்வொரு வியாபாரியின் வாயசைவும் அவருக்கு மனப்பாடமாம். எந்த வாய் எப்படித் திறந்தால் என்ன விலை என்று கண்ணாலேயே பிடித்துவிடுவாராம்.

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. மகள் கூப்பிட்டால் நீயே பேசு என்று போனை என் கையில் திணித்துவிடுவார். அப்பாவுக்கு என்மேல் பாசமே இல்லையா என்று அவள் அழுதிருக்கிறாள். நான் உதட்டில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் அவரிடம் புலம்பியிருக்கிறேன், அவர் ம் ம் என்பார். பொண்டாட்டி பேச்சுக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று சாப்பாடு போடாமல்கூட இருந்திருக்கிறேன். பாவி நான் என்று தோன்றியது. அடுத்த நிமிஷமே, பாவி நானா இந்த மனுஷனா என்றும் தோன்றியது.

"பின்ன எதுக்குப் பாட்டு டீச்சரைத் தேடச் சொல்லி என் உயிரை வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

அவர் என் வாயைப் பார்த்துக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "தொண்டைன்னா நாலு நாள் பொறுத்துப் பார்ப்பாங்க. காதுன்னா அன்னிக்கே இறக்கி விட்டுருவாங்க. எல்லாரும் தொண்டையையே பார்த்துக்கிட்டு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கருவி வைத்தால் வலதுபக்கம் ஓரளவு தெளியும், ஆனால் காதுக்கு அளவெடுத்துச் செய்து வர ஐந்து வாரம் ஆகும் என்றார். முதல் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. ஊரார் யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம். மறைக்கிறோம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அப்போது எனக்கு எங்கள் வீட்டு உலைதான் பெரிதாக இருந்தது.

டீச்சர் மறுபடி வரச் சொன்னாள். இந்தத் தடவை கீபோர்டைத் தொடவே இல்லை. இவருடைய கையை எடுத்து அவருடைய நெஞ்சிலேயே வைத்தாள். சத்தத்தைக் காதால் தேடாதீர்கள் சார், கைக்கு அதிர்வு தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள் என்றாள். முதல் நாள் முழுக்கத் தப்பாகவே போயிற்று. மூன்றாம் நாள், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு இவர் ஒரு குரல் விட்டார் பாருங்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பழைய குரல். கத்தாத குரல். கீழே சைக்கிள் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தாராம். எட்டு நாளில் வீக்கம் குறைந்து குரல் ஏழு மணி, எட்டு மணி வரை தாக்குப்பிடித்தது.

முதல் தேதி காலையில் நானும் மண்டிக்குப் போனேன். அவர் பெட்டிக்கு நேர் எதிரே, அவர் கண்ணில் படுகிற மாதிரி நின்றுகொண்டேன். சங்கத்து ஆட்கள் ஆறு பேர், தலைவர், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவருடைய மச்சான். பையை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இவர் பெட்டிமேல் ஏறி இடது கையை நெஞ்சில் வைத்தார். உருளைக்கிழங்கு முடிந்தது. வெங்காயம் முடிந்தது. ஒவ்வொரு மூன்றாவது தரமும் கடைசிவரை கணீரென்று போய் விழுந்தது, எடைக்காரர் சிரித்துக்கொண்டே கோடு போட்டார். சங்கத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். மச்சான் டீ குடிக்கப் போய்விட்டான். தலைவரே முனகலாக, பரவாயில்லையே வெங்கலம் என்றார். பிழைத்தோம் என்று நான் மூச்சு விட்டேன்.

அப்போது பீன்ஸ் மூட்டைகள் வந்தன. அதை விளைவித்த விவசாயி, மெலிந்த ஆள், மூட்டைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். விலை ஏறி பத்தொன்பதில் வந்து நின்றது. "ஒரு தரம்" என்றார் இவர். இடதுபக்கம், தூணுக்குப் பின்னால், மண்டிக்கு வர ஆரம்பித்து மூன்று வாரம்கூட ஆகாத கடைக்கார அம்மாள் ஒருவர் நின்றிருந்தார். அவர் இருபத்தொன்று என்றார். எனக்கு நன்றாகக் கேட்டது. இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "ரெண்டு தரம்" என்றார். அந்த அம்மாள் மறுபடி, கொஞ்சம் பலமாகச் சொன்னார். இவர், "மூணு தரம்" என்று முடித்துவிட்டார்.

அந்த அம்மாளின் முகம் சுருங்கிப்போயிற்று. புது ஆள் என்று வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்று நினைத்திருப்பார். வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். விளைவித்தவர் இவரையும் அந்த அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்பதற்குத் தைரியம் வரவில்லை அவருக்கு. எடைக்காரர் சாக்கட்டியை எடுத்தார். நான் பேசாமல்தான் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன். எங்கள் சோற்றைக் காப்பாற்ற அடுத்தவன் வயிற்றில் அடிக்கிறோம் என்று தெரிந்தும் அசையாமல் நின்றேன். என் வாய் மட்டும் என்னை அறியாமல் 'ஐயோ' என்றது. சத்தம்கூட வரவில்லை.

சத்தம் அவருக்கு எதற்கு? என் உதட்டைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். என் கண் போன பக்கம் பார்த்தார். தூணுக்குப் பின்னால் தலைகுனிந்து நிற்கும் அம்மாளைப் பார்த்தார். விளைவித்தவரைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையை அசைத்தேன். அவர் கண்டுகொள்ளவில்லை.

"கோடு போடாதே" என்றார் எடைக்காரரிடம். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "அந்தம்மா ஏதோ விலை கேட்டிருக்காங்க. எனக்குக் கேட்கலை. ஒன்றரை வருஷமா எனக்குக் காது சரியில்லை. உங்க வாயைப் பார்த்துத்தான் ஏலம் விட்டுக்கிட்டு இருந்தேன். தப்புதான்."

அப்புறம் எல்லா வாயும் ஒரே நேரத்தில் திறந்தது. அப்படியானால் போன வருஷம் என் மூட்டை போனதும் இப்படித்தானா என்று தக்காளி வியாபாரி எகிறினார். கையைத் தூக்கிக் கேட்டால் போகிறது, அவரே இருக்கட்டும் என்றார் எடைக்காரர். யார் பக்கம் நியாயம் என்று இரண்டு பேர் தனியாகச் சண்டை பிடித்தார்கள். டீ டம்ளரோடு மச்சான் ஓடி வந்தான். கடைசியில் தலைவர் கையைக் காட்டி எல்லோரையும் அடக்கிவிட்டு, கடைசி வரிசைவரை கேட்கும்படி முடிவைச் சொன்னார். சொல்லும்போது அவர் முகம் மச்சான் பக்கம் திரும்பியிருந்தது.

இத்தனை வாய்களில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் இவர் கண் அலைந்தது. பிறகு பெட்டிமேலிருந்து குனிந்து, மண்டியே பார்க்க, என்னிடம் கேட்டார்.

"என்ன சொன்னாங்க?"

எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைத்துக்கொண்டேன், அழுதால் உதடு கோணும், அவருக்குப் புரியாது. முகத்தை நேரே நிமிர்த்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "இன்னிக்கு மிச்சத்தை முடிச்சுட்டு இறங்கிடச் சொல்றாங்க. நாளையிலேர்ந்து வேற ஆளாம்."

அவர் சரி என்று தலையாட்டினார். தலைவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அந்தம்மா என்ன விலை கேட்டாங்க? மொதல்ல அதைச் சொல்லு" என்றார்.

இருபத்தொன்று என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து கையை மறுபடி நெஞ்சில் வைத்துக்கொண்டு, அந்த விலையிலிருந்து ஏலத்தைத் தொடங்கினார்.